வைத்தியன் குன்று (வேலையும் கூலியும் – 14)

தும்பாவில் 1963 நவம்பர் 21 அன்று முதல் ராக்கெட் கிளம்பியதையும், அதற்காகக் கோயிலையும் குடியிருந்த கரையையும் விட்டுக்கொடுத்த மீனவக் குடும்பங்களையும் சென்ற இதழில் பார்த்தோம். அங்கிருந்து கிழக்கே சில கிலோமீட்டர் வந்தால் கழக்கூட்டம். தேசிய நெடுஞ்சாலையும் திருவனந்தபுரத்துப் புறவழிச்சாலையும் சேருகிற சந்தி. மார்த்தாண்ட வர்மாவோடு மோதி அழிந்த எட்டுவீட்டில் பிள்ளைமாரில் ஒருவர் இந்த ஊர்க்காரர் என்பதால், திருவிதாங்கூர் வரலாறு படித்தவர்களுக்கு இந்தப் பெயர் பழக்கம். நமக்கு வேண்டிய இடம் அந்தப் பிள்ளையின் வீடு இருந்த இடமன்று. காரியவட்டம் பல்கலைக்கழக வளாகத்தை ஒட்டி, மரச்சீனி போட்டிருந்த ஒரு மேடு. வைத்தியன் குன்று என்பார்கள்.

1991 மார்ச் 31 அன்று அந்தக் குன்றில் முதலமைச்சர் ஈ.கே. நாயனார் ஓர் அடிக்கல் நாட்டினார். இந்தியாவின் முதல் தொழில்நுட்பப் பூங்காவான டெக்னோபார்க்குக்கு நாட்டிய கல் அது. அதை நடத்துவதற்கான சங்கம் முந்தைய ஆண்டே பதிவாகியிருந்தது. தொழில்துறை கே.ஆர். கௌரியம்மாவின் கையில் இருந்தது. யோசனைக்கு உரியவர் கே.பி.பி. நம்பியார், கெல்ட்ரானை உருவாக்கியவர், மத்திய அரசின் மின்னணுத் துறைச் செயலராகவும் இருந்தவர். ஜி. விஜயராகவன் முதல் தலைமை நிர்வாகியாக வந்தார். 1995 நவம்பரில் பிரதமர் நரசிம்ம ராவ் வந்து பூங்காவை நாட்டுக்கு அர்ப்பணித்தார். கம்யூனிஸ்ட் முதலமைச்சர் தொடங்கி வைத்ததைக் காங்கிரஸ் பிரதமர் திறந்து வைத்தார். கேரளத்தில் இரண்டு அணியும் சண்டை போடாமல் ஒத்துக்கொண்ட காரியங்கள் குறைவு. இது அவற்றில் ஒன்று. காரணம் எளிது. படித்த பிள்ளைகளுக்கு வேலை வேண்டும் என்பதில் யாருக்கும் மாற்றுக் கருத்து இல்லை.

எப்படிப்பட்ட வேலை என்று அன்று யாரும் கேட்கவில்லை. அந்தக் கேள்விதான் இந்த அத்தியாயம்.

குன்று ஏறுவதற்கு முன்பு கழக்கூட்டத்துக்கு மேற்கே கடினங்குளம் காயலுக்குப் போய் வருவோம். இந்தக் காயலோரத்திலும் வடக்கே முருக்கும்புழை, சிறயின்கீழ் பக்கத்திலும் நூறு ஆண்டுக்கு மேல் பெண்கள் செய்த வேலை கயிறு. தேங்காய் மட்டையை, குமரிப் பக்கத்தில் கதம்பல் என்கிறோமே அதை, வலையில் கட்டிக் காயலின் உப்புநீரில் அமுக்கி, மேலே சேற்றைப் பூசி, ஆறு மாதத்திலிருந்து பத்து மாதம் வரை அழுக விடுவார்கள். பிறகு வெளியே எடுத்து, தோலை உரித்து, மரத்தடியால் அடிக்க வேண்டும். இடுப்பளவு நீரில் நின்று மட்டையை இழுப்பதும், கரையில் குந்தியிருந்து நாள் முழுக்க அடிப்பதும், ராட்டில் திரித்து ஓடுவதும் வேலையின் மூன்று கட்டங்கள். அழுகிய மட்டையின் நாற்றம் துணியிலிருந்து போகாது. நீரில் நின்ற கால் விரலிடுக்குகள் வெந்து கிடக்கும். இத்தனைக்கும் கூலி அடித்த மட்டையின் எண்ணிக்கைக்குத்தான். மழை பெய்தால் அதுவும் இல்லை.

கயிற்றில் நல்ல வேலை என்று ஒன்று இருந்தது, அது தெற்கே இல்லை, ஆலப்புழையில். 1859இல் ஜேம்ஸ் டாரா அங்கே முதல் கயிற்றுத் தொழிற்சாலையை வைத்தார். 1922இல் வாடப்புறம் பாவா தொடங்கிய திருவிதாங்கூர் தொழிலாளர் சங்கம், 1938இன் பொது வேலைநிறுத்தம், 1946இன் புன்னப்பிர–வயலார் எழுச்சி என்று அந்த வரலாறு நீளும். தறியில் பாய் நெய்த ஆண்கள் சங்கம் கட்டினார்கள். கூலி ஏறியது, போனஸ் வந்தது. அதே பாய்க்கு நார் அடித்துக் கொடுத்த கடினங்குளத்துப் பெண்களுக்கு அந்த ஏற்றத்தில் கிடைத்தது கொஞ்சமே. சிதறிய வீடுகளில், சின்னச் சின்ன முதலாளிகளிடம், எண்ணிக்கைக் கூலிக்கு வேலை செய்கிறவர்களை ஒன்று சேர்ப்பது கடினம். பின்னால் கூட்டுறவுச் சங்கங்கள் வந்தன, குறைந்தபட்சக் கூலி அறிவிப்பும் வந்தது. இயந்திரம் வந்தால் இந்தப் பெண்களின் பிழைப்பு போய்விடும் என்று 1970களில் மட்டையடிக்கும் இயந்திரங்களுக்கு அரசே தடை போட்டது. நல்லெண்ணத்தில் போட்ட தடைதான். ஆனால் மேற்குத் தொடர்ச்சி மலைக்கு இந்தப் பக்கம் தடை ஏதும் இல்லை. பொள்ளாச்சியில் இயந்திரம் ஓடியது. நார் மலிவாக வந்தது. இன்று கேரளத்துக் கயிற்றுத் தொழிலே தமிழ்நாட்டு நாரை நம்பி நடக்கிறது. தென்னைமரம் அங்கேயும் இருக்கிறது, மட்டையும் இருக்கிறது. அதை அடிக்க ஆள்தான் இல்லை. அந்தப் பெண்களின் மகள்கள் அந்த வேலைக்கு வர மறுத்தார்கள். அவர்கள் மறுத்தது சரி என்றே நான் நினைக்கிறேன். மோசமான வேலை ஒழிவதில் வருத்தப்பட ஒன்றுமில்லை. அதன் இடத்தில் என்ன வந்தது என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

இன்னொரு வேலையையும் பார்த்துவிட்டு மேலே ஏறலாம்: சுமடு.

கழக்கூட்டம் சந்தியில் ஒரு லாரி சிமென்ட் வந்து நிற்கிறது என்று வையுங்கள். அதை இறக்கக் கடைக்காரர் தன் இஷ்டத்துக்கு வழியில் போகிற யாரையாவது கூப்பிட முடியாது. அந்தப் பகுதிக்கென்று பதிவான சுமட்டுத் தொழிலாளிகள் இருக்கிறார்கள். நீலச்சட்டையும் தலையில் துண்டுமாக வருவார்கள். ஒரு மூட்டைக்கு எவ்வளவு, எத்தனை அடி தூரம் தூக்கினால் எவ்வளவு, மாடி ஏறினால் எவ்வளவு என்பதெல்லாம் எழுதிவைத்த கூலி. நல நிதித் திட்டம் நடைமுறையில் உள்ள பகுதிகளில் முதலாளி கூலியைத் தொழிலாளியின் கையில் கொடுப்பதில்லை. வாரியத்தில் கட்டுவார், கூடவே ஒரு பங்கு நல நிதிக்கும் கட்டுவார். வாரியம் தொழிலாளிக்குக் கூலி கொடுக்கும். அந்த நிதியிலிருந்து போனஸும், விடுமுறைக் கூலியும், வருங்கால வைப்பு நிதியும், ஓய்வூதியமும். 1978இன் கேரளச் சுமட்டுத் தொழிலாளர் சட்டம் செய்த வேலை இது. ஒரே முதலாளி என்று சொல்ல ஆள் இல்லாத, நாளுக்குப் பத்துக் கடையில் மூட்டை தூக்குகிற மனிதனுக்கு, அரசு ஓர் அலுவலகத்தையே முதலாளிபோல் நிறுத்தி வைத்தது. மும்பையில் மூட்டை தூக்கும் மாத்தாடித் தொழிலாளர்களுக்கு அண்ணாசாகேப் பாட்டீல் போராடி 1969இல் மகாராஷ்டிரச் சட்டம் கொண்டுவந்தார்; அதுதான் முன்னோடி. தமிழ்நாட்டில் உடலுழைப்புத் தொழிலாளர் சட்டம் 1982இல் வந்தது.

இந்த ஏற்பாட்டில் கெட்டதும் நடந்தது. இயந்திரம் இறக்கிய சரக்குக்கும், வீட்டுக்காரரே இறக்கிக்கொண்ட சாமானுக்கும், பக்கத்தில் நின்று பார்த்ததற்காகக் கூலி கேட்டார்கள். நோக்குக்கூலி என்று அது கெட்ட பெயர் எடுத்தது. எத்தனையோ சாதாரணக் குடும்பங்கள் வீடு மாறும்போது அழுதிருக்கின்றன. 2018 மே 1 முதல் கேரள அரசு அதை ஒழித்து ஆணையிட்டது. பிறகும் உயர் நீதிமன்றம் கண்டிக்க வேண்டியிருந்தது. நோக்குக்கூலி அநியாயம், சந்தேகமே வேண்டாம். ஆனால் அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு, மூட்டை தூக்கிய தோளுக்கு ஓய்வூதியம் கொடுத்த சட்டத்தையும் சேர்த்துத் திட்டுகிறார்கள். தொழில் வராததற்குச் சங்கங்களே காரணம் என்று கேரளம் முழுக்க ஒரு பேச்சு பரவியது நோக்குக்கூலி நடந்த காலத்தில்தான். டெக்னோபார்க் அந்தப் பேச்சுக்குப் பதிலாகக் கட்டப்பட்டது. மதிலுக்கு உள்ளே மூட்டையும் இல்லை, கொடியும் இல்லை.

சுமட்டுக்கும் டெக்னோபார்க்குக்கும் நடுவில் கெல்ட்ரான் இருக்கிறது. 1973இல் தொடங்கிய, இந்தியாவில் ஒரு மாநில அரசின் முதல் மின்னணு நிறுவனம். ஐடிஐ, டிப்ளமோ முடித்த ஆணும் பெண்ணும் நிரந்தரப் பணி, சங்கம், பிஎஃப், பதவி உயர்வு எல்லாவற்றோடும் அங்கே சேர்ந்தார்கள். கெல்ட்ரான் டிவி வீடுகளில் இருந்த காலம் அது. 1990களில் இறக்குமதி திறந்தபோது நிறுவனம் நொடித்தது. நம்பியாரின் இரண்டு குழந்தைகளில் மூத்தது தள்ளாட, இளையது கழக்கூட்டத்தில் வளர்ந்தது. மூத்தது பொருள் செய்தது, தொழிலாளியை நிரந்தரமாக வைத்துக்கொண்டது. இளையது கட்டடமும் மின்சாரமும் இணைப்பும் கொடுத்தது. ஆளை எடுப்பதும் விடுப்பதும் வாடகைக்கு வந்த நிறுவனங்களின் பாடு.

கட்டடங்களுக்கு ஆறுகளின் பெயரை வைத்தார்கள்: நிளா, காயத்ரி, பவானி, தேஜஸ்வினி. டிசிஎஸ் வந்தது, இன்போசிஸ் வந்தது, யுஎஸ்டி இங்கேயே வளர்ந்து தனி வளாகம் கட்டிக்கொண்டது. மூன்று கட்டங்கள் நிறைந்து, நான்காவது பள்ளிப்புறத்தில் டெக்னோசிட்டியாக விரிந்தது. இன்று சுமார் 500 நிறுவனங்களில் 70,000க்கும் மேற்பட்டவர்கள் வேலை செய்கிறார்கள். காலை நேரத்தில் நாகர்கோவில் பக்கமிருந்து வரும் ரயில் கழக்கூட்டம் நிலையத்தில் நின்றால், கழுத்தில் பட்டையோடு இறங்குகிறவர்களின் பேச்சில் பாதி நம் ஊர்ப் பேச்சு. குழித்துறை, இரணியல், நாகர்கோவில். தாய் கட்டிக்கொடுத்த டிபன் பாத்திரம் பையில்.

முதலில் வந்தவர்களுக்கு இது உண்மையிலேயே நல்ல வேலையாக இருந்தது. அதை மறுக்க முடியாது. 2000ஆம் ஆண்டு பிறக்கும்போது கணினிகள் தடுமாறும் என்று உலகமே பயந்தபோது, அமெரிக்க நிறுவனங்களுக்கு ஆயிரக்கணக்கில் நிரல் எழுதுகிறவர்கள் தேவைப்பட்டார்கள். அங்கே கொடுக்கும் சம்பளத்தில் சிறு பங்கு கொடுத்தாலே இங்கே அது பெரிய சம்பளம். அரசு அலுவலகத்தில் பதினைந்து வருடம் உழைத்த தகப்பனைவிட, சேர்ந்த இரண்டாம் வருடத்தில் மகள் அதிகம் வாங்கினாள். வங்கிக்காரர் வீடு தேடி வந்து கடன் கொடுத்தார். மென்பொருள் ஏற்றுமதி லாபத்துக்கு 2011 மார்ச் வரை வருமான வரி விலக்கும் இருந்தது. பொறியாளர்கள் குறைவு, வேலை அதிகம். கூலி ஏறுவதற்கு வேறென்ன வேண்டும்?

அந்தக் குறைவு நெடுநாள் நிற்கவில்லை. கழக்கூட்டத்துக்குப் பக்கத்தில், ஸ்ரீகாரியத்தில் இருக்கும் திருவனந்தபுரம் பொறியியல் கல்லூரி 1939இல் தொடங்கியது. பல பத்தாண்டுகள் விரல்விட்டு எண்ணக்கூடிய கல்லூரிகளே மாநிலத்தில் இருந்தன. 2001க்குப் பிறகு சுயநிதிக் கல்லூரிகளுக்குக் கதவு திறந்தது. கேரளத்தில் நூற்றுக்கும் மேல், தமிழ்நாட்டில் ஐந்நூற்றுக்கும் மேல் என்று ஆனது. வீட்டை அடகு வைத்து, நகையை விற்று, கல்விக்கடன் வாங்கிப் படித்த பிள்ளைகள் ஆண்டுதோறும் லட்சக்கணக்கில் வெளியே வந்தார்கள். வரிசை நீண்டால் வரிசையில் நிற்பவனின் பேச்சுக்கு மதிப்புக் குறையும். 2010 வாக்கில் பெரிய ஐடி நிறுவனங்கள் புதிதாகச் சேர்ந்தவருக்கு ஆண்டுக்கு 3 லட்சத்துக்குக் கொஞ்சம் மேலே கொடுத்தன. பத்துப் பன்னிரண்டு ஆண்டு கழித்தும் அந்தத் தொகை மூன்றரை லட்சத்தைச் சுற்றித்தான் நின்றது. இடையில் அரிசியும் பருப்பும் கழக்கூட்டத்து அறை வாடகையும் ஏறத்தாழ இரண்டு மடங்காகிவிட்டன.

மூன்றரை லட்சம் என்பதையும் பிரித்துப் பார்க்க வேண்டும், ஏனென்றால் அது கைக்கு வரும் பணமன்று. நிறுவனத்துக்கு ஆகும் மொத்தச் செலவை சிடிசி என்பார்கள். மாதத்துக்கு 29,167 ரூபாய். அடிப்படைச் சம்பளம் 12,000 என்று வைத்துக்கொண்டு ஒரு கணக்குப் போடுவோம். நிறுவனம் கட்டும் பிஎஃப் 12 சதவீதம், 1,440 ரூபாய், இந்த 29,167க்குள்ளேயே இருக்கிறது. பணிக்கொடைக்கென்று ஒதுக்குவது அடிப்படையில் 4.81 சதவீதம், 577 ரூபாய், அதுவும் உள்ளேதான். ஆனால் சட்டப்படி ஐந்து வருடம் தொடர்ந்து இருந்தவருக்கே பணிக்கொடை. மூன்றாம் வருடம் விலகினால் அந்தப் பணம் அவர் கண்ணிலேயே படாது. வேலையைப் பார்த்துத் தருகிறோம் என்று பத்து சதவீதத்தை மாறும் ஊதியமாக வைத்தால் அது சுமார் 2,900. வரலாம், வராமலும் போகலாம். மருத்துவக் காப்பீட்டுக்கு ஓர் ஐந்நூறு. இவையெல்லாம் போக 23,750. இதிலிருந்து தொழிலாளியின் பங்கு பிஎஃப் 1,440, தொழில் வரி சுமார் 200. கைக்கு வருவது 22,110 ரூபாய்.

இனி அடுத்த கணக்கு. ரிசர்வ் வங்கியின் கையேட்டில் உள்ளபடி, 2022–23இல் கேரளக் கிராமப்புறத்தில் கட்டடத் தொழிலாளியின் சராசரி நாள் கூலி 852 ரூபாய் 50 காசு. நாட்டிலேயே அதிகம், அகில இந்தியச் சராசரி 393 ரூபாய் 30 காசுதான். 26 நாள் வேலை கிடைத்தால் 22,165 ரூபாய். நான்கு வருடம் பொறியியல் படித்துக் கல்விக்கடனோடு பவானியில் உட்கார்ந்திருப்பவரும், பவானிக்குப் பின்னால் எழும் அடுத்த கட்டடத்தில் கலவை போடுகிறவரும் மாதக் கடைசியில் ஒரே தொகையைப் பார்க்கிறார்கள்.

கொத்தனாருக்கு அதிகம் கொடுக்கிறார்கள் என்று இதைப் படிக்கக் கூடாது. இடவப்பாதியில் மழை பிடித்தால் அவருக்கு 26 நாள் எங்கே கிடைக்கும்? நாற்பத்தைந்து வயதில் முதுகு விட்டுவிட்டால் பிறகு கூலி ஏது? 852 ரூபாய் அதிகம் இல்லை. அது ஒரு மனிதன் குடும்பத்தோடு மானமாக வாழ ஆகும் பணம். அந்த இடத்துக்கு அது தானாக வரவில்லை. திருவிதாங்கூரில் 1855இல் அடிமைமுறை ஒழிந்ததிலிருந்து, 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பள்ளிக்கூடத்தையும் கூலியையும் ஒன்றாகக் கேட்டு அய்யன்காளி வயல் வேலையை நிறுத்தி வைத்ததிலிருந்து (மூன்றாம் அத்தியாயத்தில் பார்த்தோம்), ஒவ்வொரு ரூபாயும் பேசி வாங்கியது. 1970களுக்குப் பிறகு ஆண்கள் வளைகுடாவுக்குப் போனார்கள், ஊரில் ஆள் குறைந்தது. குறைந்த ஆளுக்குச் சங்கமும் இருந்தது. ஏறிய கூலி இறங்கவில்லை. நம் கொல்லங்கோட்டிலிருந்தும் தென்காசியிலிருந்தும் ஆட்கள் அந்தக் கூலிக்காகவே வந்தார்கள். அவர்களுக்குப் பின் வங்காளம், அசாம், ஒடிசா, பிஹார். 2013இல் குலாட்டி நிதி, வரிவிதிப்பு ஆய்வு நிறுவனம் செய்த ஆய்வு வெளிமாநிலத் தொழிலாளர்களை 25 லட்சம் என்று மதிப்பிட்டது. அவர்களுக்கு எழுதிய கூலிக்கும் கொடுக்கும் கூலிக்கும் நடுவில் தரகர் இருக்கிறார் என்பதையும், ஒரே அறையில் பத்துப்பேர் படுப்பதையும் இங்கே குறிக்காமல் போக முடியாது.

பொறியாளருக்கு இல்லாதது பேரம் பேசும் இடம். வேலையை விட்டுப் போகச் சொன்னால் எங்கே முறையிடுவது என்பதிலேயே வழக்கு தொடங்குகிறது. 2025 நவம்பர் வரை நடைமுறையில் இருந்த 1947ஆம் ஆண்டுத் தொழில் தகராறு சட்டம் தொழிலாளி என்று யாரைச் சொன்னதோ அவருக்குத்தான் அந்தச் சட்டத்தின் காப்பு இருந்தது. மேலாளர், நிர்வாகி என்றால் இல்லை. இருபத்திரண்டு வயதில் சேர்ந்து, யாரையும் மேய்க்காமல், கொடுத்த நிரலைச் சோதிக்கிறவருக்கும் நியமன உத்தரவில் பெரிய பதவிப் பெயரைப் போட்டால், அவர் தானே தன்னைத் தொழிலாளி என்று நினைப்பதில்லை. கர்நாடகம் போன்ற மாநிலங்கள் நிலையாணைச் சட்டத்திலிருந்து ஐடி நிறுவனங்களுக்கு ஆண்டுக்கணக்கில் விலக்கும் கொடுத்து வந்தன.

இந்த முடிச்சை முதலில் அவிழ்த்துப் பார்த்தது சென்னை. 2014 கடைசியில் டிசிஎஸ்ஸில் ஆட்குறைப்பு நடந்தபோது, பணிநீக்க உத்தரவு பெற்ற ஒரு கர்ப்பிணிப் பெண் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனார். நான் தொழில் தகராறு சட்டப்படி தொழிலாளிதான் என்பது அவர் வாதம். 2015 ஜனவரியில் நீதிமன்றம் இடைக்காலத் தடை கொடுத்தது. நிறுவனம் உத்தரவைத் திரும்பப் பெற்றது. அடுத்த ஆண்டு, ஐடி ஊழியர்கள் சங்கம் வைக்கச் சட்டத்தில் தடை ஏதும் இல்லை என்று தமிழ்நாடு அரசு தெளிவுபடுத்தியது. 1926ஆம் ஆண்டுத் தொழிற்சங்கச் சட்டத்தில் இருந்ததைத்தான் அரசு சொன்னது. தொண்ணூறு ஆண்டாக இருந்த உரிமையைக் கேட்டு உறுதிப்படுத்திக்கொள்ள வேண்டியிருந்தது என்றால், எத்தனை பேர் அது தமக்கு இல்லை என்று நம்பியிருந்தார்கள்! கழக்கூட்டத்தில் பிரதித்வனி என்ற ஊழியர் அமைப்பு இருக்கிறது. குறும்பட விழாவும் விளையாட்டுப் போட்டியும் நடத்துவதோடு, சம்பளம் வராத சின்ன நிறுவனங்களின் ஊழியர்களுக்காகவும் பேசுகிறது. பேரம் பேசும் உரிமை அதற்குக் கிடையாது. 2025 ஜூலையில் டிசிஎஸ் உலகம் முழுக்கத் தன் ஆட்களில் 2 சதவீதத்தை, 12,000க்கும் மேற்பட்டவர்களைக் குறைப்பதாக அறிவித்தபோது, இங்கே பலர் செய்தித்தாளில் படித்துத்தான் தெரிந்துகொண்டார்கள்.

டெக்னோபார்க்கின் பெயரால் வந்த வேலைகளில் ஐடி ஒரு பகுதிதான். வாயிலில் பன்னிரண்டு மணிநேரம் நிற்கும் காவலர், கழிவறை கழுவும் பெண், கேன்டீனில் பாத்திரம் தேய்ப்பவர், இரவுப் பணிக்காரரை வீட்டில் கொண்டுவிடும் ஓட்டுநர், வெயிலில் பைக்கின் மேல் சாப்பாட்டுப் பையோடு காத்திருக்கும் இளைஞன். இவர்களில் பெரும்பாலோருக்கு உள்ளே இருக்கும் நிறுவனம் முதலாளி இல்லை; நடுவில் ஒப்பந்தக்காரர். ஒப்பந்தம் மாறினால் பத்து வருடம் ஒரே இடத்தில் துடைத்தவரும் புதிய ஆளாகிவிடுவார், பணிக்கொடைக் கணக்கு மறுபடி பூஜ்யத்திலிருந்து. 2020இல் எல்லோரும் வீட்டிலிருந்து வேலை செய்யப் போனபோது மடிக்கணினி வைத்திருந்தவருக்குச் சம்பளம் வந்தது. இவர்களுக்கு வீட்டிலிருந்து செய்யும் வேலை ஏது? கழக்கூட்டத்தில் அறை வாடகைக்கு விட்டவர்கள், மெஸ் நடத்தியவர்கள், ஆட்டோக்காரர்கள் எல்லோரும் சேர்ந்து விழுந்தார்கள்.

கேரளம் இவர்களைப் போன்ற இன்னொரு பிரிவுக்காகச் செய்த ஒன்றை இங்கே எழுதத்தான் வேண்டும். ஜவுளிக்கடைப் பெண்கள் காலையிலிருந்து இரவு வரை உட்காரக் கூடாது. ஆள் இல்லாத நேரத்திலும் நிற்க வேண்டும். கழிவறை இல்லாத கடைகளில் தண்ணீர் குடிப்பதையே விட்டார்கள். சிறுநீர்த் தொற்றும், காலில் நரம்பு புடைப்பதுமாகக் கிடந்தார்கள். கோழிக்கோட்டின் மிட்டாய்த் தெருவில் தையல்காரரான பி. விஜி பெண்கூட்டு என்ற அமைப்பைக் கட்டி இதைப் பேச ஆரம்பித்தார். கண்ணுக்குத் தெரியாத வலியைக் கோரிக்கையாக்க வருடக்கணக்கில் ஆயிற்று. 2018இல் கேரளம் கடைகள் சட்டத்தைத் திருத்தியது: வேலை செய்பவர் உட்கார இருக்கை தர வேண்டும். 2021இல் தமிழ்நாடும் அதையே செய்தது. ரங்கநாதன் தெருவை 'அங்காடித் தெரு' படத்தில் பார்த்து மனம் கசிந்தவர்களுக்கு, அந்த நாற்காலியைச் சட்டமாக்கக் கோழிக்கோட்டுப் பெண்கள்தான் வழி திறந்தார்கள் என்பது தெரிய வேண்டும்.

அதே கேரளத்தில் அரசே கொடுக்கும் வேலை எப்படி இருந்தது? 2025 பிப்ரவரி 10 அன்று ஆஷா பணியாளர்கள் திருவனந்தபுரம் தலைமைச் செயலகத்தின் முன் உட்கார்ந்தார்கள். வீடு வீடாகப் போய்க் கர்ப்பிணிகளையும் காய்ச்சல்காரர்களையும் பார்க்கிற பெண்கள். அவர்களுக்கு மதிப்பூதியம் மாதம் 7,000 ரூபாய், 21,000 கேட்டார்கள். மதிப்பூதியம் என்று பெயரிட்டால் அது கூலி ஆகாது, குறைந்தபட்சக் கூலிச் சட்டமும் பொருந்தாது. மழையில் கட்டிய தார்ப்பாயையும் பிரித்தார்கள். தலைமுடியை வெட்டியும் போராடினார்கள். அக்டோபர் கடைசியில் 1,000 ரூபாய் ஏறியது. ஏறத்தாழ ஒன்பது மாதம் இரவும் பகலும் இருந்த இடத்திலிருந்து நவம்பர் 1 அன்று எழுந்தார்கள். தொழிலாளர் அரசு என்று சொல்லிக்கொள்கிற ஓர் அரசு இந்தப் பெண்களை இத்தனை நாள் தெருவில் உட்கார வைத்ததை என்னால் எந்த நியாயத்தாலும் ஏற்க முடியவில்லை.

அவர்கள் எழுந்து மூன்று வாரத்தில், 2025 நவம்பர் 21 அன்று, மத்திய அரசு நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. கேரள அரசு எதிர்ப்புத் தெரிவித்தது. வைத்தியன் குன்றில் இவற்றால் என்ன மாறும்? மேலே போட்ட சம்பளக் கணக்கு மாறும்: மொத்த ஊதியத்தில் பாதியாவது சட்டப்படி கூலியாகக் கணக்கில் வர வேண்டும் என்பதால், 12,000 அடிப்படை என்று எழுத முடியாது, பிஎஃப்பும் பணிக்கொடையும் கூடும், கைக்கு வருவது குறையவும் செய்யலாம். குறித்த கால ஒப்பந்தத்தில் இருப்பவருக்கு ஒரு வருடத்திலேயே பணிக்கொடை உண்டு; இது நல்லது. உணவு கொண்டுபோகும் இளைஞனின் பெயர் முதல்முறையாக ஒரு மத்தியச் சட்டத்தில் வருகிறது. அவனை வைத்து வணிகம் செய்யும் நிறுவனம் ஆண்டு விற்றுமுதலில் 1 முதல் 2 சதவீதத்தைச் சமூகப் பாதுகாப்பு நிதிக்குக் கட்ட வேண்டும். நிதி ஆயோக்கின் 2022ஆம் ஆண்டு அறிக்கை இப்படி வேலை செய்கிறவர்களை 77 லட்சம் என்றும், 2029–30இல் 2.35 கோடி ஆவார்கள் என்றும் கணக்கிட்டிருக்கிறது. மறுபக்கம், தொழிற்சாலைகளில் ஆட்குறைப்புக்கு அரசின் முன் அனுமதி வேண்டும் என்ற எல்லை 100 தொழிலாளிகளிலிருந்து 300க்கு உயர்ந்துவிட்டது. சுமட்டுத் தொழிலாளிக்கு 1978இல் கேரளம் செய்ததை, முதலாளி யாரென்று சொல்ல முடியாதவனுக்காக ஒரு வாரியம் அமைத்து அதற்குப் பணம் கட்ட வைத்ததை, பைக்கில் போகிறவனுக்குச் செய்ய முடியாது என்று யாரும் சொல்ல முடியாது. செய்து காட்டிய மாநிலம் இது.

பூங்காவைச் சுற்றி வேலை தேடுகிறவர்களின் நிலைமையையும் சொல்லிவிடுகிறேன். 2023–24ஆம் ஆண்டின் அரசு தொழிலாளர் கணக்கெடுப்பில், 15 முதல் 29 வயதுக்குட்பட்டவர்களில் வேலையில்லாதோர் மாநிலங்களிலேயே கேரளத்தில்தான் அதிகம்: 29.9 சதவீதம். ஆண்களில் 19.3, பெண்களில் 47.1. வேலை வேண்டுமென்று நிற்கும் இளம்பெண்களில் கிட்டத்தட்ட இருவரில் ஒருவருக்கு இல்லை. இவர்களின் பாட்டிமார் கடினங்குளத்தில் மட்டை அடித்தவர்கள். அவர்களுக்கு வேலை இருந்தது, தக்க கூலி இல்லை. நாற்பத்தேழு சதவீதம் வெளியே நிற்கும்போது, உள்ளே இருப்பவர் இருபத்திரண்டாயிரத்துக்கு மேல் கேட்க வாய் திறப்பது எளிதில்லை. மாதச் சம்பளம் இரண்டு மாதம் பிந்தினாலும் பொறுக்கிறார்கள். சான்றிதழ்களைப் பிணையாகக் கேட்டால் கொடுத்துவிடுகிறார்கள். பத்து மணிக்கு முடிய வேண்டிய அழைப்பு நடுநிசிக்குப் போனாலும் முகத்தில் காட்டாமல் இருக்கிறார்கள்.

கூலி ஏறிய இடத்திலிருந்து வேலை எல்லை தாண்டி ஓடியதைக் கயிற்றில் ஒரு முறை பார்த்தோம். அதைவிடப் பெரிய ஓட்டம் ஒன்று உண்டு. கொல்லத்து அண்டி ஆபீஸ்களில், அதாவது முந்திரித் தொழிற்சாலைகளில், பெண்கள் சங்கம் கட்டிக் குறைந்தபட்சக் கூலி வாங்கியபோது, முதலாளிகள் பச்சை அண்டியை லாரியில் ஏற்றி நம் குமரி மாவட்டத்துக்கு அனுப்பினார்கள். மார்த்தாண்டத்திலும் கருங்கலிலும் அதே வேலையைக் குறைந்த கூலிக்குச் செய்தவர்கள் யார், 1969இல் கேரள அரசு முந்திரிக் கழகம் தொடங்கியது எதற்காக என்பது அடுத்த இதழில்.